எதிரி யாரென்று பூவாயி கேட்டாள்

ராஜாக்களும் நவாபுகளும் வெள்ளைக்காரர்களும் மாறி மாறி வந்து, மாறி மாறிப் போய்விட்ட பிறகும், போக மனமில்லாமல் வேலாங்குன்றத்து மலைக்கோட்டையின் உச்சியில் கிடந்த அந்தப் பெரிய பீரங்கிக்கு ஊர்க்காரர்கள் பூவாயி என்று பேர் வைத்திருந்தார்கள். வாய் பரங்கிப்பூ மாதிரி விரிந்திருக்கும். உள்ளே ஓர் ஆள் குனிந்து நுழைந்து சம்மணம் போட்டு உட்காரலாம். உட்கார்ந்தவர்கள் உண்டு, வெளியே வந்ததும் வீட்டில் திட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, டிராக்டர், தையல் மெஷின், டிபன் கடைத் தோசைக்கல் என்று கீழே இருக்கிற சகலத்துக்கும் பொட்டு வைத்து முடித்தபின், எல்லா ஆயுதத்துக்கும் மூத்தவளான பூவாயிக்குப் பொட்டு வைக்க ஊரே மலை ஏறும். நல்லெண்ணெய் தேய்த்து, சந்தனம் அப்பி, பொரியும் அவலும் படைத்த பிறகு அங்கே ஒரு கேள்வியும் பதிலும் நடக்கும். அதைக் கேட்கத்தான் அத்தனை பேரும் மூச்சிரைக்க மேலே வருவது.

நாட்டாமை பீரங்கியின் பின்பக்கம் நின்றுகொண்டு, "பூவாயி கேக்குறா, எதிரி யாரு?" என்பார். வாய்ப்பக்கம் நிற்கிற பெண், "யாருமில்ல தாயே" என்பாள். மூன்று தடவை கேட்டு, மூன்று தடவை பதில் வந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரி தின்றபடி இறங்கிவிடுவார்கள். பதில் சொல்வது வருஷத்துக்கு ஒரு தெருவின் முறை, சொல்வது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். என்றைக்கோ நடந்த ஒரு முற்றுகையில் ஆம்பிளைகளிடம் பூவாயி இந்தக் கேள்வியைக் கேட்டாளாம். ஆளுக்கொரு பேர் சொன்னார்களாம். அவள் நாலு திசையும் சுட்டுச் சுட்டு, கடைசியில் பதில் சொல்வதற்கே ஊரில் ஆள் இல்லாமல் போனதாம். இது மெய்யா பொய்யா என்று யாரும் ஆராய்ந்ததில்லை, ஆனால் எங்களுக்கு எதிரியே இல்லை என்று மூன்று தடவை உரக்கச் சொல்கிற ஊர் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான் என்பதில் வேலாங்குன்றத்துக்கு ரொம்பப் பெருமை.

அந்த வருஷம் கோட்டைத் தெருவின் முறை. மாவு மில் பலராமனின் பெண்டாட்டி ஜெயக்கொடி நிற்பது என்று முடிவாயிற்று. நல்ல குரல், நல்ல உயரம், நல்ல பேர் எல்லாம் இருந்தன அவளுக்கு. அந்த நல்ல பேரில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. அது அவளுக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த இன்னொருத்தி விருத்தாம்பாள், பலராமனுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு ஒரு தையல் மெஷினும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பல வருஷம் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் ஜெயக்கொடி பிழைத்திருப்பாள். சண்டையென்றால் ரெண்டு பக்கமும் தப்பிருக்கும், பங்கு போட்டுக்கொள்ளலாம். நடந்தது சண்டை இல்லை. ஒரு நாள் காலையில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த விருத்தாம்பாளின் புடவையையும் பாவாடையையும் ஈரம் சொட்டச் சொட்ட இறக்கி, ஒரு வாளியில் போட்டு, அவள் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள் ஜெயக்கொடி. வார்த்தை ஒன்றும் பேசவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்றால், அந்த வீட்டுக் குழம்பு, அந்த வீட்டுக் கோலம், அந்த வீட்டு மனுஷனின் சிரிப்பு எல்லாவற்றிலும் நாத்தனாரின் கை முன்னாலேயே பட்டிருக்கிறது என்று அவளுக்குள் பல நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. விருத்தாம்பாள் வாளியைப் பார்த்தாள், ஜெயக்கொடியைப் பார்த்தாள், அந்த வாரமே ஏரிக்கரைத் தெருவின் கடைசியில் ஒரு தகரக்கூரை வீட்டைப் பிடித்து மெஷினோடு போய்விட்டாள். தம்பி கேட்டதற்கு, "அங்க காத்து நல்லா வருதுடா" என்றாள்.

அதற்கப்புறமும் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் கொடுமை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தம்பி கையில் ஒரு புது ரவிக்கை தைத்துக் கொடுத்தனுப்பினாள். "அத்தினி சனம் பாக்க நிக்கப் போறா, பழசப் போட்டுக்கினு நிக்க வேணாம்னு சொல்லு" என்று சொல்லியிருந்தாள். அளவு கேட்கவில்லை. ஜெயக்கொடி போட்டுப் பார்த்தாள். அக்குளில் பிடிக்கவில்லை, கழுத்தில் தொங்கவில்லை, கை முழங்கைக்கு மேலே எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினாள்; அது எங்கேயும் உறுத்தாமல் இருந்ததே வழி முழுக்க அவளை உறுத்தியது.

முதல் தடவை கேட்டார் நாட்டாமை கோதண்டபாணி. "யாருமில்ல தாயே." ரெண்டாம் தடவை கேட்டார். "யாருமில்ல தாயே." மூன்றாம் தடவை அவர் கேட்டபோது ஜெயக்கொடியின் கண், கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற விருத்தாம்பாள் மேல் போய் விழுந்தது. அவள் சிரித்த முகமாக, முந்தானையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அவ்வளவுதான். ஜெயக்கொடியின் வாய் யாருமில்ல தாயே என்றது. மனசு, தோ நிக்கிறாளே, இவதான், இவ ஒருத்தி இல்லாம போனா நான் நல்லவளா இருந்துடுவன் என்றது.

பூவாயி சுட்டாள்.

டமார் என்றெல்லாம் இல்லை. இட்லிப் பானை மூடி கை தவறித் தரையில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம்தான். மருந்து இல்லை, திரி இல்லை, புகையும் இல்லை. பரங்கிப்பூ வாய்க்குள்ளிருந்து ஒரு தவலை அளவுக் கருங்கல் குண்டு, கன்றுக்குட்டி பிறக்கிறபோது முகம் தெரிகிற மாதிரி மெல்ல எட்டிப் பார்த்து, மெல்ல மெல்ல வெளியே வந்து, காற்றில் நின்றது. ஜெயக்கொடி கீழே விழாமல் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நின்றது என்று எல்லோரும் நினைத்தார்கள். நாட்டாமை அதன் பக்கத்தில் ஒரு குச்சியைப் பிடித்து வைத்துப் பார்த்துவிட்டு, "நிக்கலடா, போவுது" என்றார். எருமை தண்ணீரை விட்டுக் கரையேறுகிற வேகத்துக்கும் பத்தாத வேகத்தில் அது போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பூப் போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், பிறகு கீழே வடையும் பாயசமும் ஆறிப்போகும் என்று இறங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து குண்டு ஊரோடு ஒன்றாகப் பழக ஆரம்பித்தது. கோட்டையைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்திலிருந்து ரெண்டு பேர் வந்து அளந்து, தொடாதீர்கள் என்று ஒரு நீலப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். குண்டு பலகையை விட்டு நகர்ந்துவிட, அவர்கள் மறுபடி வந்து பலகையைப் பிடுங்கி முன்னால் நட, அது மறுபடி நகர, கடைசியில் பலகையை ஒரு கயிற்றில் கட்டிக் குண்டிலேயே மாட்டிவிட்டார்கள். குரங்குகள் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தபடி சவாரி செய்தன. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழல் விழுகிற பாறையை வைத்து மந்தையைத் திருப்பினார்கள். டிராக்டர் வைத்திருக்கிற வீம்புக்காரர் ஒருவர் சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார். டிராக்டர்தான் பின்னாலேயே போயிற்று, அதுவும் ரொம்ப மரியாதையாக, சேற்றில் ஒரு தடம்கூடக் கலையாமல். அதற்குப் பிறகு யாரும் அதை மறிக்க நினைக்கவில்லை.

மலைச்சரிவில் இறங்கி அது ஊருக்குள் நுழைந்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. மின்சாரக்காரர்கள் கம்பியைத் தள்ளிக் கட்டினார்கள். லாட்ஜ் முதலாளி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இடித்து வழிவிட்டார், இடித்த இடத்தில் நாற்காலி போட்டு வெளியூர்க்காரர்களை உட்கார வைத்தார். கோட்டைத் தெருப் பெண்கள் குண்டு எந்நேரமும் வெயிலில்தானே போகிறது என்று அதன் மேல் வடகம் பிழிந்துவிட்டு, சாயங்காலம் ஏணியைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் எடுத்து வந்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் குண்டு ஸ்டாப்பிங் என்று ஒன்றைக் கூவ ஆரம்பித்தார்கள். அது ஒவ்வொரு வாரமும் வேறு வேறு இடத்தில் இருந்தது, ஆனால் ஒருத்தரும் தப்பாக இறங்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில், குண்டு நமது தெருவைக் கடந்த பின் வரும் சுபமுகூர்த்தத்தில் என்று அச்சடித்தார்கள். யார் வீட்டு மேல் அது வருகிறதோ அந்த வீட்டுப் பெண்கள் மாடியேறி ஆரத்தி எடுத்து, எங்கள் வீட்டில் இல்லை தாயே, மேலே போ தாயே என்று வழியனுப்பினார்கள்.

ஏனென்றால் குண்டு என்றால் அது யாரையோ தேடித்தான் போகிறது என்று ஊருக்குத் தெரியும். யாருமில்லை என்றுதான் ஜெயக்கொடி சொன்னாள், அத்தனை பேரும் காதால் கேட்டார்கள். அப்படியும் பூவாயி சுட்டாள் என்றால், மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் ஊருக்குள்ளேயே ஓர் எதிரி ஒளிந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அதன் நேர்க்கோட்டில் வீடு இருந்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் திடீரென்று யோக்கியர்களானார்கள். இரவல் வாங்கிவிட்டு வாங்கவே இல்லையென்று சாதித்த ஏணியும் உரலும் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போயின. ஒருவர் என்றைக்கோ தள்ளி நட்ட எல்லைக்கல்லைத் தானே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, பக்கத்து வயல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குண்டு தாண்டிப் போனதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று யோசித்ததாகவும் கேள்வி.

ஜெயக்கொடி மட்டும் மாவு மில் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வீட்டு மாடிக்கு மேல் வந்தபோது ஆரத்தி எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. இங்கயே வுழுந்துடு என்று வேண்டிக்கொண்டாள். முழு மனசாகத்தான் வேண்டினாளா என்று கேட்டால் அதுவும் இல்லை, ஏனென்றால் குண்டு மாடியைக் கடந்ததும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது, அந்தப் பெருமூச்சுக்காக அவள் அன்று முழுக்க வெட்கப்பட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் எழுந்தாள். வேகமாக வருகிற குண்டுக்கு உடனே ஓட வேண்டியிருக்கும். மெதுவாக வருகிற குண்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதரைச் சொல்ல வைத்துவிடுகிறது. அப்படி நாளைக்கு நாளைக்கு என்று மார்கழி போய்விட்டது.

மார்கழிக் கடைசியில் கோடு தெளிவாயிற்று. ஏரிக்கரைத் தெருவில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடுகளையெல்லாம் ஓரமாக விட்டுவிட்டு, குண்டு தாழ்ந்து தாழ்ந்து, ஆள் உயரத்துக்கு வந்து, விருத்தாம்பாளின் தகரக்கூரைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் சிலர் நம்பவில்லை. ஆனால் அவள் ஒரு சாவுக்காகப் பக்கத்து ஊர் போய் ரெண்டு நாள் தங்கியபோது, குண்டு தெற்கே திரும்பி வயல் பக்கமாகப் போக ஆரம்பித்து, அவள் திரும்பி வந்ததும் தானும் திரும்பிக்கொண்டது. அதோடு ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது. நிம்மதி வந்ததும் ஞாபகமும் வந்தது. அவள் எப்போதும் அளவுக்கு மீறி அமைதி என்றார்கள். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சத் துண்டு ஒழுங்காகத் திரும்பி வந்ததே, அதுவே சந்தேகம்தான் என்றார்கள். தம்பி வீட்டிலிருந்து ஏன் வெளியேறினாள், ஏதோ இல்லாமலா என்றார்கள். கொடுத்திருந்த ரவிக்கைத் துணிகளை வெட்டாமல் தைக்காமல் அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் அவள் மெஷின் ஓடவே இல்லை. பால்காரர்கூட ஒரு வீடு முன்னாலேயே திரும்பிவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தபோது, ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நாட்டாமைக்கு எதிரில் நின்றாள்.

"அவங்க மேல ஒண்ணும் தப்பு இல்லைங்க. பேரச் சொன்னது நான்தான். மூணாவது வாட்டி மனசுல அவங்க பேர நெனச்சிட்டன்."

கோதண்டபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கிவிட்டது.

"எம்மா, நாத்தனாருக்காவ இம்மாம் பெரிய பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறியே, இந்தக் காலத்துல எவ செய்வா?"

"மெய்யாலுமே சொல்றன், நான்தான்."

"உன் வாய் இன்னா சொல்லிச்சு? நாங்க இத்தினி பேரும் கேட்டமே."

"வாய் யாருமில்லன்னுதான் சொல்லிச்சு. மனசு..."

"மனசுல நெனச்சதுக்கெல்லாம் பூவாயி சுட ஆரம்பிச்சா இந்த ஊர்ல ஒரு வூடு மிஞ்சுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில், ஒவ்வொருத்தரும் தன் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தபோது, கொஞ்சம் தடுமாறியது. உடனே யாரோ மேளத்தைத் தட்டிவிட்டார்கள். பெண்கள் ஜெயக்கொடியைக் கட்டிக்கொண்டார்கள். முதல் பொங்கலை அவள் கையில்தான் கொடுத்தார்கள். பலராமன் தூரத்தில் நின்று பெருமையில் மூக்கைச் சிந்தினான். செய்த பாவத்தைச் சொல்லப் போய் அவளுக்கு இன்னொரு நல்ல பேர் கிடைத்துவிட்டது. அந்தப் பொங்கல் கையில் ஆறிக்கொண்டிருக்க, இதைவிடக் குண்டு தன் தலையில் விழுந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைத் தெருவுக்கு நடந்தாள். குண்டு வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், நீலப் பலகையைத் தொங்கவிட்டபடி வந்துகொண்டிருந்தது. அதைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். விருத்தாம்பாள் ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வா. என்னப் பாக்க வந்தியா, குண்டப் பாக்க வந்தியா?"

"அண்ணி, நான்தான் உங்க பேர..."

"தெரியும்."

"நேத்து சொன்னாங்களா?"

"நேத்து எதுக்கு? அன்னிக்கே தெரியும். சுட்ட ஒடனே எல்லாரும் குண்டப் பாத்தாங்க, நான் உன் மூஞ்சியப் பாத்தன்."

விருத்தாம்பாள் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தாள்.

"போன வருசம் எங்க தெரு முறை, ஞாபகம் இருக்குதா? நான்தான் நின்னன். வாய்ல யாருமில்லன்னேன். மனசுல உன் பேரச் சொன்னன், மூணு வாட்டியும். அந்த வாளி என் கண்ணு முன்னாலயே நின்னுது. பூவாயி கம்முனு கெடந்தா." அவள் மெஷின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டாள். "ஏன் எனக்குச் சுடல, உனக்குச் சுட்டான்னு நானும் ரொம்ப யோசிச்சிப் பாத்தன். நான் கோவத்துல சொல்லியிருக்கன் போல. நீ மெய்யா சொல்லியிருக்க."

அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஜெயக்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல், ஓசையெழுப்பாமல் அழுதாள். அது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நொடிதான் என்றாலும், அந்த ஒரு நொடியில் அவள் முழு மனசோடு, எதையும் மிச்சம் வைக்காமல், இந்த மனுஷி இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். தனக்கு இவள் செய்த தப்பு ஒன்றுமில்லை, தான் இவளுக்குச் செய்ததைத் தெரிந்த ஒரே சாட்சி இவள் என்பதைத் தவிர.

"எங்கனா போயிடுங்க அண்ணி."

"போனா? எதிரி நான்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா? அதுவுமில்லாம எங்க போனாலும் பின்னாலயே வருது, நாய்க்குட்டி கணக்கா."

"அப்ப நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. வுழுந்தா நம்ம எல்லார் மேலயும் வுழுட்டும்."

"ஏன், இப்ப கொடியில எடம் இருக்குதா?"

ஜெயக்கொடி எழுந்து போகவில்லை. அன்று பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள், மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். விருத்தாம்பாள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குண்டு மண்சுவரைத் தொட்டது. சுவர் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி நொறுங்கி உதிர ஆரம்பித்தது.

அது உள்ளே எட்டிப் பார்த்த அன்று ஊரே ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. சன்னலில் தலைகள், வாசலில் தலைகள், பூவரச மரத்துக் கிளைகளில் கால்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்ததாகச் சொல்ல முடியாது; எதிரி எப்படி முடிகிறாள் என்று பார்க்கத்தான் வந்தார்கள், பார்த்துவிட்டுப் பரிதாபப்படவும் தயாராகத்தான் இருந்தார்கள். விருத்தாம்பாள் குளித்து, தலை வாரி, எதிர்ச் சுவரோரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உலை வைத்திருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. குண்டு அறைக்குள் முழுசாக வந்து, அவள் முதுகை நோக்கி, வழியில் இருந்த ஓர் அண்டாவைக்கூட உருட்டாமல் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, வந்தது.

ஜெயக்கொடி எழுந்து நடுவில் போனாள். குண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலை அகட்டி நின்றாள்.

"ஏய் ஜெயக்கொடி, வந்துடு!" என்று வாசலிலிருந்து பலராமன் கத்தினான். "பைத்தியக்காரி, வந்துடுடி! டிராக்டரயே இழுத்துக்கினு போச்சு அது!"

அவள் நகரவில்லை. ஓடிவிட வேண்டும் என்று அவள் கால்கள் ரெண்டும் கெஞ்சின; அவற்றின் பேச்சை அவள் கேட்கவில்லை. முதலில் வெயிலில் காய்ந்த கல்லின் சூடு முதுகில் பட்டது. பிறகு சொரசொரப்பு பட்டது. பிறகு பாரம் வந்து உட்கார்ந்தது, மலையிலிருந்து கிளம்பி இத்தனை மாதமும் காற்றில் யாரும் சுமக்காமல் வந்த பாரம் மொத்தமும், உரிய ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி, அவள் இடுப்பெலும்பில் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

குண்டு நின்றது.

நாட்டாமை ஒரு குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சியும் குண்டும் நெடுநேரம் ஒன்றுக்கொன்று அசையாமல் இருந்தன. அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்ப அன்னிக்கு அவ சொன்னது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்காத அந்தப் பேச்சு சன்னலிலிருந்து சன்னலுக்குப் போயிற்று, வாசலுக்குப் போயிற்று, மரத்துக்குப் போயிற்று. மனசில் நினைத்ததற்கும் சுடுகிறவள்தான் பூவாயி என்றால், தாங்கள் இந்தப் பொம்பளையைப் பற்றி இத்தனை நாள் நினைத்தது எங்கே எவ்வளவு உயரத்தில் வந்துகொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொருத்தரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. அப்படியும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல், முதுகைக் கொஞ்சம் வளைத்தபடி, வீட்டுக்கு நடந்தார்கள். பலராமன் மட்டும் வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே விறகு படபடத்தது. விருத்தாம்பாள் அடுப்பை விட்டுத் திரும்பி, தம்பி பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தாள். ஜெயக்கொடியின் நெற்றியில் வியர்வை பொட்டைக் கரைத்துக்கொண்டு மூக்கு வரை வந்திருந்தது.

"கனக்குதா?"

"கனக்குது."

"நவுந்துடு. எனக்கு வந்தத நான் பாத்துக்கிறன்."

"மாட்டன்."

"நீ இப்பிடி நின்னுட்டா நான் எல்லாத்தையும் மறந்துட்டன்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல அண்ணி."

உலை மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்தது. விருத்தாம்பாள் முந்தானையால் மூடியைப் பிடித்து எடுத்துவிட்டு, முறத்திலிருந்த அரிசியைக் களைந்து போடப் போனவள், நின்று, முறத்தில் இன்னும் ரெண்டு கை அரிசி அள்ளிப் போட்டாள்.

"சோறு ஆவட்டும். வடிச்சிட்டு வந்து நான் செத்த நேரம் முட்டுக் குடுக்கிறன், நீ குந்திக்கினு ஒரு வாய் சாப்புடு. அது வரிக்கும் கெட்டியா நில்லு."

ஜெயக்கொடி கெட்டியாக நின்றாள்.